தாமிரபரணிக் கழிமுகத்தில் ஓடுவதற்கு மூன்று வழிகள்: புன்னைக்காயல் சாலை, காயல் மணல், கொற்கைக் கரை

தாமிரபரணி கடலில் விழும் பகுதியைச் சுற்றிக் காலையோட்டத்துக்கு எந்த வழி நல்லது என்று நெல்லையிலும் பாளையங்கோட்டையிலும் நண்பர்கள் கேட்பதுண்டு. நான் காட்சியை வைத்துப் பதில் சொல்வதில்லை, ஏனெனில் காட்சியில் மூன்று வழிகளுமே ஒன்றுக்கொன்று இளைத்தவை அல்ல. போகும்போது எல்லா வழியும் சுகமாகத்தான் இருக்கும். திரும்பி வரும்போது வெயில் எங்கே இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, கால் எதன்மேல் படுகிறது என்பவற்றில்தான் ஒரு வழியின் குணம் தெரியவரும். அந்தக் கணக்கில்தான் இந்த மூன்றையும் நிறுத்துப் பார்க்கிறேன்.

இந்த நிலத்தின் அமைப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். பொதிகையிலிருந்து இறங்கிவரும் ஆறு வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கடலைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போனதால், சங்க காலத்தில் முத்துக்குப் பேர்போன கொற்கை இன்று கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவில் கிடக்கிறது. அதற்குப் பின் துறைமுகமாகத் தழைத்து, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோவால் பேசப்பட்ட பழையகாயலும் கடலை இழந்தது. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வந்து தங்கிய புன்னைக்காயல்தான் இப்போது ஆற்று முகத்தில் நிற்கிறது. ஆகவே இங்கே மேற்கும் கிழக்குமாக ஓடுகிறவர், ஊர்கள் துறைமுகமாகி ஓய்ந்த வரிசையிலேயே ஓடுகிறார். மண் மாறுவது காலுக்கே தெரியும்: மேற்கே களி, நடுவில் வண்டல், கிழக்கே மணலும் உப்பும்.

முதல் வழி ஆத்தூரிலிருந்து சேர்ந்தபூமங்கலம் வழியாகப் புன்னைக்காயல் போகும் தென்கரைச் சாலை. போய்த் திரும்பினால் பத்து கிலோமீட்டருக்கு மேல் வரும். அது அதிகம் என்பவர்கள் சேர்ந்தபூமங்கலம் கைலாசநாதர் கோயிலோடு திரும்பிவிடலாம். ஆத்தூர் எல்லையில் இந்தச் சாலை வெற்றிலைக் கொடிக்கால்களை ஒட்டிச் செல்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலை இவற்றில் விளைவதுதான். அகத்தி மரங்களில் கொடியேற்றி, நடுவே நீர் ஓடவிட்டு வளர்ப்பதால் கொடிக்காலின் அருகே வந்ததும் காற்று சட்டென்று குளிர்ந்து, ஈர மண்ணும் இலையும் கலந்த ஒரு காரவாசனை மூக்கில் ஏறும். பத்துப் பதினைந்து அடி தாண்டியதும் அது அப்படியே அறுந்துபோகும். ஓடிக்கொண்டே இந்த எல்லையைக் கடப்பது எனக்கு இன்றுவரை அலுக்கவில்லை.

தாமிரபரணிக் கரையின் ஒன்பது சிவத்தலங்களான நவகைலாயங்களில் சேர்ந்தபூமங்கலம் கடைசி. உரோமச முனிவர் ஆற்றில் விட்ட ஒன்பது மலர்களில் ஒன்பதாவது வந்து சேர்ந்த இடம் என்பது தலபுராணம். ஊரின் பெயரும் அதையே சொல்கிறது. அதற்கப்பால் பசுமை மெல்ல மெல்ல மெலிந்து, பனையும் உடைமரமும் உவர்மண்ணுமாகி, கடைசியில் தேவாலயக் கோபுரமும் வலை உலரும் மணலும் அலையாத்திக் காடுகளும் தெரியத் தொடங்கும். தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல்களை ஆக்கிய ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் 1600-இல் காலமானது இந்தப் புன்னைக்காயலில்தான். ஓட்டத்தின் நடுவில் மூச்சு வாங்க நிற்பதற்கு ஆற்று முகத்துப் படகுத்துறையை விட நல்ல இடம் இந்த வட்டாரத்தில் இல்லை.

இந்தச் சாலையின் குறை நிழல் அல்ல, காற்று. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான், அதாவது மேல்காற்று, பலமாக வீசும். ஆத்தூரிலிருந்து கிழக்கே ஓடும்போது அது முதுகைத் தள்ளிக்கொண்டே வருவதால், இன்றைக்கு நம் வேகம் கூடியிருக்கிறது என்று மனம் ஏமாந்துபோகும். படகுத்துறையில் திரும்பியதும் அதே காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கும்போது உண்மை விளங்கும். முதல் ஆடியில் அந்த ஏமாற்றத்தில் வேகத்தை முழுக்கச் செலவழித்துவிட்டு, சேர்ந்தபூமங்கலம் வரை நடந்தே வந்தவன் நான். அந்த இரு மாதங்களில் மட்டும் புன்னைக்காயலில் வண்டியை நிறுத்திவிட்டு மேற்கு நோக்கித் தொடங்குவதே அறிவு. அப்படித் தொடங்கினால் காற்றோடு பட வேண்டியதைப் புது மூச்சில் பட்டுவிடலாம். ஆனால் திரும்பும்போது உதயச் சூரியன் கண்ணுக்கு நேரே நிற்கும் என்பதால் தொப்பி வேண்டும்.

இரண்டாவது, காயல்பட்டினக் கடற்கரை. வெளியூரார் பெரும்பாலும் இதையே முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். திருநெல்வேலி–திருச்செந்தூர் ரயில் பாதையில் காயல்பட்டினத்துக்கே நிலையம் இருப்பதால் வண்டியில்லாதவர்களுக்கு வந்து சேர்வதும் எளிது. கடல் கிழக்கே இருப்பதால் மாலையில் வெயில் ஊருக்குப் பின்னால் இறங்கிவிட, கடற்காற்றில் ஓடலாம். மாலையோட்டத்துக்கு மூன்றிலும் இதுவே முதலிடம். ஆனால் மணலைப் பற்றி நான் சொல்வதைக் கேட்டுவிட்டு வாருங்கள். உலர்ந்த மணலில் கால் புதைந்து கெண்டைக்கால் கடுக்கும். அலை நனைத்த விளிம்பு கெட்டியாக இருந்தாலும் கடல் பக்கம் சரிந்திருக்கும். வடக்கே ஓடும்போது வலக்கால் தாழ்ந்தும் இடக்கால் உயர்ந்தும் விழ, கணுக்காலும் இடுப்பும் அந்தக் கோணலுக்குப் பழகும் நேரத்தில் திரும்பி வர வேண்டியிருக்கும். திரும்பும்போது அந்தக் கோணல் மறுகாலுக்கு மாறும். மன்னார் வளைகுடாவில் நீர் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்றாலும், சரிவான கரையில் அந்தச் சிறு வேறுபாடே ஓடத்தக்க விளிம்பைக் கூட்டவும் குறைக்கவும் போதும். நீர் வற்றியிருக்கும் மாலைகளில் அரை மணி நேரம் ஓடுவது நல்லது. அதற்கு மேல் இங்கே ஓடுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

கடற்கரையிலிருந்து ஊருக்குள் ஓடித் தூரத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். காயல்பட்டினத்தில் வீடுகளுக்கு இடையே பெண்கள் புழங்கும் முடுக்குகள் உண்டு. அவற்றில் வெளி ஆண்கள் நுழைவது மரியாதையில்லை. பெரிய தெருக்களோடு நிறுத்திக்கொள்வது முறை. அதேபோல் ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளங்களின் வரப்பைப் பார்த்தவுடன் ஓட ஆசை வரும்: இருபுறமும் பாத்திகளில் வானம் கிடக்க, நடுவே நேர்க்கோடாக ஒரு மண்வழி. ஆனால் அது பிறர் வேலை செய்யும் இடம். கோடையில் விடியுமுன்னே உப்பு வாரத் தொடங்கிவிடுவார்கள். தலையில் உப்புச் சுமையோடு எதிரே வருகிற பெண்ணை வரப்பிலிருந்து ஒதுங்கச் செய்துவிட்டு ஓடுகிற ஓட்டம் என்ன ஓட்டம்? சாலையில் நின்று பார்ப்பதோடு சரி.

மூன்றாவது கொற்கை. இது வடகரையில், ஏரலுக்கும் முக்காணிக்கும் இடைப்பட்ட உட்பகுதியில், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் வடகால் பாசன நிலத்தில் இருக்கிறது. குளக்கரை மண்வழியும் வயலோரச் சிறுசாலையுமாகச் சேர்த்துப் போட்டுக்கொண்டால் விரும்பிய தூரம் ஓடலாம். கால்டுவெல் 19-ஆம் நூற்றாண்டில் தோண்டிப் பார்த்ததும், தமிழகத் தொல்லியல் துறை 1968–69-இல் அகழ்ந்ததும் இந்த ஊரில்தான் என்றாலும், இன்று ஓடுகிறவர் கண்ணில் படுவது ஒரு முதிய வன்னி மரமும், வயல் நடுவே நிற்கும் அக்கசாலை ஈசுவரமுடையார் கோயிலும், மயில்களும் மட்டுமே. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மூன்றிலும் உகந்தது இந்த வழிதான். குளக்கரை மண் தாரைப் போலத் திருப்பி அடிப்பதில்லை, மணலைப் போல இழுப்பதுமில்லை. மழை பெய்த மறுநாள் மட்டும் இங்கே வரக்கூடாது. களிமண் காலணியின் அடியில் அப்பி அப்பி, நூறு அடிக்குள் ஒவ்வொரு காலும் அரைக்கிலோ கூடியதுபோல் ஆகிவிடும். குச்சியால் சுரண்டிவிட்டு மறுபடி பத்து அடி வைத்தால் மறுபடி அதே கதை.

இவற்றுக்கிடையே முக்காணிப் பாலம் வழியாகத் தூத்துக்குடி–திருச்செந்தூர் நெடுஞ்சாலையில் ஓடுவதை ஒரு வழியாகவே நான் கணக்கிடவில்லை. பாலத்தின் மேலிருந்து ஆற்றைப் பார்க்கலாம்தான். பக்கத்தில் லாரி போகும்போது பார்க்க முடியாது.

பருவத்தையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது, ஏரல் பாலம் உடைந்தது, ஆற்றோர ஊர்கள் நாள்கணக்கில் துண்டுபட்டுக் கிடந்தன. ஐப்பசி, கார்த்திகையில் அணைகளிலிருந்து நீர் திறக்கும் செய்தி வந்தால் ஆற்றங்கரை வழிகள் இரண்டையும் விட்டுவிட வேண்டும். தையிலிருந்து வைகாசி வரை, வாரநாள்களில் புன்னைக்காயல் சாலையில் சேர்ந்தபூமங்கலம் வரையிலும், ஞாயிற்றுக்கிழமையில் அதே சாலையில் படகுத்துறை வரையிலும் ஓடுவது என் வழக்கம். மார்கழியில் குளம் நிறைந்து, சில நாள் வெயிலில் கரை காய்ந்ததும் கொற்கைக்குப் போகிறேன். அப்போது நீர்ப்பறவைகள் ஓடுகிறவரைப் பொருட்படுத்தாமல் மேய்ந்துகொண்டிருக்கும், நின்றால்தான் எழும்.