ஜெராய் மலை: குரூண் சாலையா, யான் அருவி வழியா?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் ஊரின் ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்த எங்களுக்கு வாசலைத் திறந்தால் ஜெராய் மலைதான். உச்சியில் மேகம் இறங்கினால், "மலை தொப்பி போட்டுவிட்டது, துணியை எடு" என்பார் அம்மா. அந்த 1,217 மீட்டர் மலையில் ஒரே நாளில் ஏறி இறங்க நினைப்பவர்களுக்கு இரண்டு வழிகளைச் சொல்லலாம்: ஒன்று அடிவார ஊரான குரூணிலிருந்து ஏறும் சாலை, மற்றொன்று மேற்கு அடிவாரத்தில் யான் என்ற ஊர்ப் பக்கத்து ஸ்ரீ பெரிகி அருவி வழி.

குரூணிலிருந்து போவது 10 கிலோமீட்டருக்கும் மேல் வளைந்து ஏறும் தார்ச்சாலை. வழி தவறாது. கால் ஓய்ந்தால் வண்டியை வரச் சொல்லலாம். ஆனால் ஏறும்போது தார் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் வண்டிக்கு ஒதுங்க வேண்டும். காடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் காட்டுக்குள் போன நிறைவு வருவதில்லை.

ஸ்ரீ பெரிகியில் அந்தக் குறையே இல்லை. அருவி கண்ணில் படும் முன்பே அதன் இரைச்சல் வந்துவிடும். அருவியைத் தாண்டினால் மரவேர்தான் படிக்கட்டு. பல இடங்களில் வேரைப் பிடித்து உடம்பை மேலே இழுக்க வேண்டும். முதல் நாள் மழை பெய்திருந்தால் அட்டைக்கடி நிச்சயம். ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகும்போது அப்பா ஊறவைத்த புகையிலைத் தண்ணீரைக் கணுக்காலில் தேய்த்துக்கொள்வார். நான் இன்றும் அதையேதான் செய்கிறேன்.

என் தீர்ப்பு: அருவி வழியாக ஏறுங்கள், சாலை வழியாக இறங்குங்கள். வரிசையை மாற்றவே கூடாது. இங்கே மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். அந்த நேரத்தில் களைத்த காலோடு ஈர வேர்களில் இறங்குவதும் ஓடையோரம் நிற்பதும் ஆபத்து. 2021 ஆகஸ்ட் 18 அன்று இந்த மலையில் பெய்த பெருமழையில் யான் பக்கத்து ஓடைகள் மரமும் பாறையுமாகப் புரண்டு வந்தன, உயிர்கள் போயின. காலை 7 மணிக்கு யானில் கிளம்பிவிடுங்கள். மேலே நின்றால் மேற்கே நெல்வயல்களும் அதற்கப்பால் கடலும் தெரியும். கடாரத்துக்கு (பழைய கெடாவுக்கு) வந்த கப்பல்கள் இந்த மலையைப் பார்த்துத்தான் கரை கண்டன. குரூணில் இறங்கியதும் வாடகை வண்டி பிடித்து யானுக்குத் திரும்பினால் வட்டம் முடிந்தது.

ஒரே ஒரு நாளில் மட்டும் என் தீர்ப்பு மாறும். காலையிலேயே அருவித் தண்ணீர் தேநீர் நிறத்தில் கலங்கி, சருகும் சுள்ளியும் வேகமாக மிதந்து வந்தால் மேலே மழை கொட்டுகிறது என்று அர்த்தம். உடனே ஓடையை விட்டு விலகுங்கள். அன்றைக்குக் குரூண் சாலையிலேயே ஏறி, அதிலேயே இறங்குங்கள்.