அந்தச் செட்டு வெள்ளையைக் காட்டும், சிவப்பைக் காட்டாது

சித்தி மகள் ஆரி வேலைப்பாடு போட்ட ரவிக்கை தைத்து விற்கிறாள். தைத்ததைப் படமெடுத்துப் போட விளக்கு வேண்டுமாம். "அண்ணே, உங்ககிட்ட இருக்கிற அதே செட்டு இப்போ விலை இறங்கியிருக்கு, வாங்கட்டுமா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டாள். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடியவில்லை.

எல்லாருக்கும் தெரிந்த செட்டுதான். 50க்கு 70 செண்டிமீட்டர் சாப்ட்பாக்ஸ் (விளக்கின் முன்னால் வெள்ளைத் துணி மூடி வெளிச்சத்தை மென்மையாக்கும் பெட்டி) இரண்டு, ஸ்டாண்ட் இரண்டு, ஈ27 மரையில் திருகும் எல்இடி பல்பு இரண்டு, எல்லாம் போட ஒரு பை. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளை ஓரங்கட்டினால்தான் இரண்டையும் விரிக்க இடம் கிடைக்கும்.

வெளிச்சத்தின் மென்மையை மட்டும் குறை சொல்ல மாட்டேன். உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு கை நீளத்தில், பக்கவாட்டில், கண்ணுக்குச் சற்று மேலே பெட்டியை வைத்தால் மாநிறத் தோலில் அந்த வெளிச்சம் இறங்குகிற அழகே தனி. மூக்கின் நிழல் எங்கே முடிகிறது என்றே தெரியாது. அதே பெட்டியை இருமடங்கு தூரம் தள்ளினால் வெளிச்சம் ஏறக்குறையக் கால்வாசியாகிவிடும், நிழலுக்கும் கூர்மை வந்துவிடும். பவர் போதவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் பெட்டியை நெருக்கிப் பார்க்கட்டும். மறுபக்கத்துக்கு இரண்டாவது விளக்குகூட வேண்டாம், எழுதுபொருள் கடையில் கிடைக்கும் வெள்ளைப் பலகை ஒன்றைச் சாய்த்து வைத்தால் போதும்.

இனி என் வயிற்றெரிச்சல். சிவப்பு!

அம்மா அரக்குப் பட்டு கட்டி, குங்குமம் வைத்து உட்கார்ந்தார். கேமராவில் பார்த்தால் சேலை செங்கல் நிறம், குங்குமம் வெளுத்த காவி. கேமராவில் நிறத்தைச் சமன்செய்யும் வொயிட் பேலன்ஸை எப்படித் திருப்பினாலும் ஒன்று நேரானால் இன்னொன்று கெடுகிறது. சேலையைச் சரிசெய்தால் முகம் காய்ச்சல்காரர் மாதிரி சிவக்கிறது.

செட்டு வந்த பெட்டியின் மேல் சிஆர்ஐ, அதாவது விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்ற எண், 80க்கு மேல் என்று பெருமையாக அச்சடித்திருக்கிறார்கள். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அந்த எண், அடர்த்தி குறைந்த எட்டு நிறங்களை வைத்துப் போடும் சராசரி. அடர் சிவப்புக்கு ஆர்9 என்று தனிக் கணக்கு, அது அந்தச் சராசரியில் சேராது. நீல எல்இடியின் மேல் பாஸ்பர் என்ற ஒளிரும் பொருளைப் பூசி வெள்ளையாக்குகிற மலிவு பல்புகளில் அடர் சிவப்புதான் குறைச்சல். விளக்கிலேயே இல்லாத நிறத்தைச் சேலை எங்கிருந்து திருப்பித் தரும்? குங்குமம், அரக்கு, மருதாணி என்று நம் வீட்டு விசேஷத்தில் பாதி அந்த நிறம்தான். ஆர்9 பற்றி என் பெட்டியில் ஓர் எழுத்தும் இல்லை.

பொதுவான மரை என்பதால் பல்பை மாற்ற முடிந்தது, அது புண்ணியம். சிஆர்ஐ 95, கூடவே ஆர்9 எவ்வளவு என்றும் போட்டிருந்த பல்பு இரண்டு வாங்கி மாட்டினேன். அரக்கு அரக்காக வந்தது. ஆனால் பல்புக்குக் கொடுத்த காசு, செட்டுக்குக் கொடுத்ததைத் தாண்டிவிட்டது. அப்புறம் எதற்கு அது மலிவு செட்டு?

மற்றதெல்லாம் சில்லறைத் தொல்லை. வந்தது இரண்டு முனை பிளக். நம் மூன்று துளைப் பிளக் பாயிண்டில் மேல்துளையைப் பேனாவால் குத்தித் திறந்து இதைச் சொருகுகிற பழக்கம் இங்கே உண்டு. வேண்டாம் சாமி, மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரை உள்ள அடாப்டர் வாங்குங்கள். தகரக் கூரை வீட்டில் மதிய நேரம் காற்றாடியை நிறுத்த முடியாது, அது சுற்றினால் பெட்டி ஆடும். ஸ்டாண்டில் 5 கிலோ அரிசிப் பையைக் கட்டித் தொங்கவிடுகிறேன். சாய்மானத்தைப் பிடிக்கும் பிளாஸ்டிக் திருகு போன மாதம் பிளந்தது. இரும்புக்கடை முதலாளி தவுக்கே டப்பாவைக் கிளறி ஒரு போல்ட்டும், கையால் திருக இரண்டு காது வைத்த நட்டும் எடுத்துக் கொடுத்தார். முந்தியதைவிட இறுக்கமாக நிற்கிறது.

பழைய பல்பில் இன்னொன்று. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல்பு நொடிக்கு 100 தடவை துடிக்கிறது. கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/200 நொடிக்கு ஏற்றினால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். 1/100 அல்லது 1/50 வைத்தால் தப்பிக்கலாம். கூடத்து டியூப் லைட்டையும் அணைத்துவிட வேண்டும், இரண்டு வெளிச்சமும் கலந்தால் நிறம் இன்னும் கெடும்.

சரி, தங்கச்சிக்கு என்ன சொல்வது? முகம் எடுக்கிறவர்களுக்கு நான் இவ்வளவு மெச்சிய செட்டுதான். ஆனாலும் வாங்காதே என்றே சொல்லிவிட்டேன். அவள் தைப்பதில் பாதி சிவப்பு ரவிக்கை. கடை அஞ்சடியில், அதாவது கடை முன்னால் கூரை போட்ட நடைபாதையில், காலையில் நேர்வெயில் படாமல் வரும் வெளிச்சத்துக்குக் காசும் இல்லை, சிவப்பிலும் குறை இல்லை.

"அப்போ உங்க செட்டையாவது எனக்குத் தள்ளிவிடுங்க அண்ணே" என்கிறாள். முடியாது. தீபாவளிக்கு முறுக்கும் நெய் உருண்டையும் விற்கிற அக்காமார் படமெடுக்க இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்கள். முறுக்குக்குப் பழைய பல்பே போதும்.