படியில் இறக்குவதா, பளு ஏற்றுவதா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் இடையே சுமார் 90 கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் ஓட்டப் பந்தயத்துக்குத் தயாராகும்போது, இடது குதிகாலுக்கு நாலு விரல் மேலே கொழுக்கட்டை மாதிரி ஒரு வீக்கம். காலையில் கட்டிலைவிட்டு இறங்கினால் முதல் பத்தடி நொண்டல்தான். டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் ‘நரம்பு பிசகிடுச்சு’ என்றார்கள். நரம்பில்லை, கெண்டைச்சதையைக் குதிகால் எலும்போடு கட்டும் அக்கிலிஸ் தசைநாண்.

முதலில் ஓய்வு. மூன்று வாரத்தில் வலி போனது, மறுபடி ஓடிய அன்றே வந்துவிட்டது. இழுவையே படாத நாண் இன்னும் நொய்ந்துதான் போகும். ஓய்வு கணக்கில் சேராது.

போட்டி இரண்டு முறைகளுக்குத்தான். ஸ்வீடனின் எலும்பு மருத்துவர் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் வெளியிட்டது படிமுறை: படி விளிம்பில் முன்பாதம் ஊன்றி, குதிகாலை மெல்லக் கீழே இறக்க வேண்டும். முட்டியை நீட்டி 45, மடக்கி 45, தினம் இரண்டு வேளை. ஆக 180, அதுவும் 12 வாரம்! செலவில்லை, ஆனால் வேலைக்குப் போகிறவன் பாடு திண்டாட்டம். நான் நாலாம் வாரமே ஏமாற்ற ஆரம்பித்தேன்.

மற்றது பளு முறை: பளுவோடு குதிகாலை மெல்ல உயர்த்தி இறக்க வேண்டும், வாரம் மூன்றே நாள். மூன்று விநாடி ஏற்றம், மூன்று விநாடி இறக்கம். பளு கூடக்கூட எண்ணிக்கை 15இலிருந்து 6க்குக் குறையும். 2015இல் டென்மார்க்கில் 58 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். வலி குணமானது இரண்டிலும் ஒரே மாதிரிதான், ஆனால் விடாமல் செய்தவர்களும் திருப்தி அடைந்தவர்களும் பளு முறையில் அதிகம்.

எனக்குப் பிடித்த ஆதாரம் வேறு. நோயில்லாத கால்களில், ஒரு காலின் நாணைச் சுமார் 3 சதவீதமும் மறுகாலை 4.5 சதவீதமும் நீளும்படி பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அதிகம் இழுபட்ட நாண்தான் உறுதிப்பட்டது. அதாவது எண்ணிக்கையைவிட இழுவையின் அளவு முக்கியம். அதனால் என் ஓட்டு பளுவுக்கே. பயிற்சியில் கொஞ்சம் வலித்தால் சரி. மறுநாள் காலை கூடியிருந்தால் பளுவைக் குறைக்க வேண்டும்.

சித்தப்பாவுக்கு வலி எலும்போடு ஒட்டும் இடத்தில். அவர் படிக்குக் கீழே இறக்கினால் நாண் எலும்பில் அழுந்தும், தரையிலேயே செய்கிறார். ‘பட்’டென்று சத்தம் கேட்டுக் கால் ஊன்ற முடியாமல் போனால் இரண்டும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

ஜிம்முக்குப் போகாமல் முதுகுப்பையில் அரிசி மூட்டையைத் திணித்துக்கொண்டு செய்கிறேன். இப்போது 20 கிலோ. உலை வைக்கும் நேரம் வந்தால் அம்மா என் முதுகிலேயே ஜிப்பைத் திறந்து அளந்துகொள்கிறார்.