சுங்கை சிப்புட் ஈரக்காற்றில் இறக்கை ஒட்டிய கதை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், நாமே பூட்டிக்கொள்ளும் பாகங்களாக, அதாவது கிட்டாக, வாங்கிய கண்ணாடியிழை விமானத்துக்கு இறக்கை ஒட்டிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. என்ஜின் வேலை பாக்கி இருப்பதால் விமானம் இன்னும் பறக்கவில்லை. ஆனால் இறக்கைகள் இரண்டும் தகரக் கூரைக்கடியில் வெயில், மழை எல்லாம் பார்த்துவிட்டன. பசையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நம் ஊர்க் காற்றோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

எப்பாக்ஸி என்பது ஹார்டனர் என்ற திரவத்தைக் கலந்தால் இறுகும் பசை. அதன் டின்னில் போட்டிருக்கும் நேரம் குளிர்நாட்டுக் கணக்கு. வெஸ்ட் சிஸ்டம் பிராண்டின் 206 ஹார்டனர் கலந்தால் 20 முதல் 25 நிமிடம் வேலை செய்யலாம் என்பது 22 டிகிரிக்கு. 10 டிகிரி ஏறினால் அந்த நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இங்கே மத்தியானம் 32 டிகிரி சர்வசாதாரணம். சரி, விடியற்காலையில் ஒட்டலாமே என்றால், செம்பனைத் தோட்டத்துப் பக்கம் அந்த நேரத்தில்தான் காற்றில் ஈரம் உச்சத்தில் இருக்கும். அதனால் கொட்டகையின் ஒரு பகுதியைப் பிளாஸ்டிக் தாளால் அடைத்து, முந்தின இரவே ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓடவிட்டு, மெதுவாக இறுகும் ஹார்டனரோடு காலையில் ஒட்டினோம். செலவழித்த வெள்ளியில் அந்த இயந்திரத்துக்குப் போனதுதான் உருப்படியான செலவு. எந்தப் பசை, எந்த ஹார்டனர் என்பதை மட்டும் கிட் தயாரிப்பாளர் சொன்னபடியே வைத்துக்கொள்ளுங்கள்; மலிவாகக் கிடைக்கிறது என்று மாற்றாதீர்கள்.

இறக்கையின் மேலும் கீழும் மூடும் தோல்தான் ஸ்கின். கீழ் ஸ்கின் ஜிக் என்ற தாங்குசட்டத்தில் கிடக்கும்போது ஸ்பார் (இறக்கையின் நீளவாட்டு முதுகெலும்பு), ரிப் (குறுக்கே நிற்கும் விலா) எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து ஒட்டலாம். மேல் ஸ்கின்னை மூடியபின் உள்ளே என்ன நடக்கிறதென்று யாருக்குத் தெரியும்? அதற்குத்தான் களிமண் ஒத்திகை. பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிசினை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ரிப் தலைகளில் அங்கங்கே வைத்து, மேல் ஸ்கின்னைப் பசை இல்லாமல் மூடி, மணல்மூட்டை ஏற்றிவிட்டுத் திறந்து பார்க்க வேண்டும். நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் பசை நிரப்ப வேண்டிய இடைவெளி. என் இறக்கையில் நுனிப்பக்க ரிப்பில் களிமண் நசுங்கவே இல்லை. அங்கே பசையை அள்ளி அப்பக் கூடாது. கண்ணாடித் துணி அடுக்கி ரிப்பை உயர்த்தியபிறகுதான் ஒட்ட வேண்டும்.

பசையைக் கெட்டியாக்கக் கலக்கும் ஃப்ளாக்ஸ் என்பது பஞ்சுத்தூள். எப்பாக்ஸியில் குழைத்தால் இடியாப்ப மாவு பதத்துக்கு வரும். பஞ்சு என்பதால் ஈரத்தைக் குடிக்கும். சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். கலவையைக் குவளையில் குவியலாக விடாதீர்கள், தானாகச் சூடேறிப் புகையும். அகலத் தட்டில் பரப்புங்கள்.

எப்பாக்ஸி இறுகும்போது காற்றில் ஈரம் இருந்தால் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் படியும். அதன்மேல் ஒட்டினால் பிடிக்காது. தின்னரால் துடைத்தால் படலம் பரவத்தான் செய்யும். முதலில் வெறும் தண்ணீரும் ஸ்காட்ச் பிரைட்டும், நன்றாகக் காய்ந்தபின் 80 நம்பர் உப்புத்தாள், கடைசியாகத் தூசி போகத் துடைப்பது. வரிசை மாறினால் படலத்தைத் தேய்த்து உள்ளே இறக்கிவிடுவீர்கள். பசை இறுகியபின் உரித்தெடுக்கும் பீல் பிளை துணி இருந்த இடத்துக்கும் உப்புத்தாள் கட்டாயம்.

ஒட்டு பிடித்ததா என்று பார்க்க 20 சென் காசால் தட்டுவார்கள். பிடித்த இடத்தில் ‘டிக்’, விட்ட இடத்தில் ‘டொக்’. பக்கத்து வீட்டுத் தம்பி கோயில் திருவிழாக்களில் உருமி அடிப்பவன். நான் சரி என்று தாண்டிய இடத்தில் நின்று, “அண்ணே, இங்க சத்தம் செத்துருச்சு” என்றான். பரிசோதனைத் துவாரம் வழியாகக் கேமராவை விட்டால் ரிப் ஓரத்தில் விரல் நீளத்துக்குப் பசை சேராமல் இருந்தது. சின்னத் துளை போட்டு ஊசியால் செலுத்தி அடைத்தோம். வருடம் ஒருமுறை அவனையே கூப்பிட்டுத் தட்டச் சொல்கிறேன்; புதிதாக எங்கும் சத்தம் மாறவில்லை.

இறக்கைக்குப் பெயின்ட் என்றால் வெள்ளை தவிர வேறு நிறம் நினைக்காதீர்கள். சாதாரண வெப்பத்தில் இறுகிய எப்பாக்ஸி அதிகச் சூட்டில் இளகும், கரும்பரப்பு நம் வெயிலில் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். மகன் கறுப்புக் கோடு கேட்டான், ஸ்டிக்கரில் மெல்லிசாக ஒன்று ஒட்டினேன்.

அடுத்து வால் இறக்கைக்கும் இதே பசைதான். ஹார்டனர் மட்டும் சின்ன டின்னாக வாங்கப் போகிறேன். அது அரிக்கும் பொருள் என்பதால் விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடு அதிகம், கப்பலில் வர நாளாகும். இருந்தாலும் திறந்த பெரிய டின் இந்த ஈரத்தில் பாதி தீருவதற்குள் கலங்கிவிடுகிறது.