நைனியப்பன் நாயக்கன் தெருவில் காப்பர் சல்ஃபைடு: தூள் தேறும், லேபிளை நம்ப வேண்டாம்

காப்பர் சல்ஃபைடு (CuS) என்பது செம்பும் கந்தகமும் சேர்ந்த, உலோகம்போல் மின்சாரம் கடத்தும் தூள்; மின்தடையும் காந்தமும் அளந்து பார்ப்பவர்கள் வாங்குவது. மூட்டை ஏற்றிய மீன்பாடி வண்டிகளுக்கு ஒதுங்கி நின்று, சென்னை பார்க் டவுன் நைனியப்பன் நாயக்கன் தெருவில் ஒரு கெமிக்கல் கடைப் படியேறி வாயால் “காப்பர் சல்ஃபைடு” என்று கேட்டால், மயில்துத்தம் கைக்கு வர வாய்ப்பு அதிகம். அது சல்ஃபேட். பெயரில் கடைசி அசைதான் வித்தியாசம், சரக்கு முற்றிலும் வேறு. 1317-40-5 என்ற சி.ஏ.எஸ். எண்ணை (வேதிப்பொருளின் அடையாள எண்) சீட்டில் எழுதி நீட்டுவது உத்தமம். நீலப் படிகம் வந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம். வரவேண்டியது கருநீலத் தூள், கனிமப் பெயர் கோவெலைட். நீலம் தொனிக்காமல் வெறும் சாம்பல் கறுப்பாக இருந்தால் செம்பு மிகுந்த சால்கோசைட் வகை கலந்திருக்கலாம். சால்கோசைட் குறைகடத்தி, உலோகக் கடத்தலைப் பார்க்க உதவாது.

லூஸ் பாக்கெட்டா, சீல் பாட்டிலா? மின்தடை மட்டும் பார்ப்பவருக்கு எல்.ஆர். கிரேடு (சாதாரண ஆய்வகத் தரம்) சீல் பாட்டில் போதும். காந்த அளவீட்டுக்கு வாங்குபவர் லாட் எண்ணோடு அனாலிசிஸ் சர்டிபிகேட்டும் கேட்டு வாங்க வேண்டும், அதில் முதலில் இரும்பு அளவைப் பார்க்க வேண்டும். லூஸ் பாக்கெட்டை இரண்டுக்குமே சொல்ல மாட்டோம். காரணம் கடைக்காரர் இல்லை, கடற்காற்று. ஈரம் பட்ட கோவெலைட் மெல்ல மெல்ல சல்ஃபேட்டாக மாறும்.

காந்த அளவீட்டில் வரும் குழப்பத்துக்கு இந்த மாற்றம் ஒரு வேர், லேபிள் இன்னொரு வேர். பாட்டில் மேல் “காப்பர் டூ”, அதாவது செம்பு +2 நிலையில் என்று அச்சடித்திருப்பார்கள். அதைப் படித்துவிட்டு ஒவ்வொரு செம்பு அணுவிலும் ஒரு தனி எலக்ட்ரான், 1.73 போர் மேக்னட்டான் (அணுவின் காந்தத்தை அளக்கும் அலகு) என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. கோவெலைட்டில் செம்பு ஏறக்குறைய +1 என்ற நிலையிலேயே இருக்கிறது. கந்தகத்தில் மூன்றில் இரண்டு பங்கு இரண்டிரண்டாகப் பிணைந்து கிடக்கிறது. மின்னோட்டத்தைத் தூக்கிச் செல்லும் துளைகள் (எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள்) கந்தகத்தின் ஆற்றல் பட்டையில் இருக்கின்றன. அதனால் நல்ல சரக்கின் காந்த ஏற்புத்திறன் (வெளிக் காந்தப் புலத்துக்கு எவ்வளவு காந்தமாகும் என்ற அளவு) மிகச் சிறியது, வெப்பநிலையோடு பெரிதாக ஏறி இறங்காது. குளிரக் குளிர அது சர்ரென்று ஏறினால், நீங்கள் அளப்பது சல்ஃபைடை அல்ல, மேலே படிந்த சல்ஃபேட்டை. நூற்றில் ஒரு பங்கு சல்ஃபேட்டே அசல் அளவை மூழ்கடித்துவிடும்.

சோதனை எளிது. 5 கிராம் தூளை 50 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கலக்கி வடிகட்டி, வடிநீரில் சில சொட்டு அம்மோனியா விடுங்கள். அடர் நீலம் வந்தால் சல்ஃபேட் இருக்கிறது. அதற்காகத் தூளைத் தூக்கி எறிய வேண்டாம், கழுவினால் மீளும். ஆனால் வெறும் நீரிலேயே திரும்பத் திரும்பக் கழுவினால் தூள் கூழ்மமாகி ஃபில்டர் பேப்பர் வழியே கறுப்பாக ஒழுகிவிடும். நீரில் 1 சதவீதம் நவச்சாரம் சேர்த்தால் நிற்கும். கடைசியில் அசிட்டோன் ஊற்றி, வெற்றிடத்தில் உலர்த்த வேண்டும். ஈரத்தோடு சாதா ஓவனில் வைத்தால் கழுவியது வீண், மறுபடி சல்ஃபேட். அரைக்க அகேட் கல்வமே சரி. இரும்பு உரலும் இரும்புக் கரண்டியும் பக்கத்திலேயே வரக்கூடாது. காந்தத்தைக் காட்டினால் ஒட்டும் துகள் இரும்புதான், சல்ஃபைடு அல்ல.

மின்தடையில் இந்தத் தூள் ஏமாற்றாது, ஏமாற்றுவது மல்டிமீட்டர். 5 டன் அழுத்தத்தில் 10 மி.மீ. வில்லை அடித்து, நீளம் 8, அகலம் 3, தடிமன் 1 மி.மீ. துண்டு வெட்டினால், தன்தடை 0.001 ஓம்-செ.மீ. என்று வைத்தாலும் மொத்தத் தடை 0.03 ஓமுக்கு அருகில்தான். மீட்டர் ஒயர்களே 0.2 ஓம் காட்டும். நான்முனை முறை, அதாவது மின்னோட்டத்துக்கு இரண்டு முனை, மின்னழுத்தம் அளக்க வேறு இரண்டு முனை, கட்டாயம். சில்வர் பேஸ்ட்டைச் சூடாக்கி உலர்த்த வேண்டாம், வெள்ளி கந்தகத்தை இழுத்துக் கறுக்கும்.

வில்லை இறுகட்டும் என்று 600 டிகிரிக்கு ஏற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை: 507 டிகிரி செல்சியஸுக்கு மேல் மூடிய குழாயிலும் கோவெலைட் நிற்காது. கந்தகத்தைக் கக்கி, செம்பு மிகுந்த டைஜெனைட் என்ற சல்ஃபைடாகும், குழாயின் குளிர்ந்த முனையில் மஞ்சள் நிறக் கந்தகம் படியும். திறந்த காற்றில் இன்னும் கீழேயே கெடும்.

குளிர்விக்கும் வசதியையும் யோசித்து வாங்குங்கள். 55 கெல்வினில் படிக வடிவம் மாறும், மின்தடைக் கோட்டில் அங்கே ஒரு முறிவு தெரியும். திரவ நைட்ரஜன் 77 கெல்வினோடு நின்றுவிடும், ஆகவே அந்த முறிவு அதில் சிக்காது. 1.6 கெல்வினில் வரும் மீக்கடத்தலுக்கு (மின்தடையே இல்லாத நிலை) திரவ ஹீலியத்தின் ஆவியைப் பம்ப் போட்டு இழுக்க வேண்டும்.

தானே செய்ய நினைப்பவர் 10 கிராமுக்குச் செம்பு 6.65, கந்தகம் 3.35 கிராம் நிறுக்கலாம். பூச்சிமருந்துக் கடையின் 80 சதவீத நனையும் கந்தகமும் வேண்டாம், நாட்டு மருந்துக் கடை நெல்லிக்காய் கந்தகமும் வேண்டாம். முன்னதில் நனைவதற்கான துணைப்பொருள் கலந்திருக்கும், பின்னதன் தூய்மைக்குச் சான்று இல்லை.

காந்தத்தில் ஒட்டும் உலோகச் சேர்மமே வேண்டுமென்றால் கேட்க வேண்டியது வேறு: குரோமியம் சேர்ந்த ஸ்பினல் (ஒரு படிக அமைப்பு வகை), காப்பர் குரோமியம் செலினைடு. 430 கெல்வின் வரை ஃபெர்ரோகாந்தம். அதைக் கடை அலமாரியில் தேட வேண்டாம், சீல் செய்த குவார்ட்ஸ் குழாயில் செய்துகொள்ள வேண்டியதுதான்.

சல்ஃபைடு பாட்டிலை 100 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள். திறந்த அன்றே டெசிகேட்டருக்குள் (ஈரம் உறிஞ்சும் மூடிய கலம்) போக வேண்டும்.