ஆடுபுலி ஆட்டப் பலகை: ஆட்டம் அருமை, அட்டையில் போட்ட வயதுதான் பொய்

ஒரு கண்காட்சியில் 480 ரூபாய் கொடுத்து வாங்கி மூன்று மாதமாகிறது. நல்ல மரம், கோடுகளைச் செதுக்கியே விட்டிருக்கிறார்கள், 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. அட்டையில் '4 வயது முதல், தர்க்க அறிவு வளரும்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது, அதை நம்பித்தான் ஐந்து வயது மகளுக்கு வாங்கினேன்.

அவள் ஆடுகளை வரிசையாகப் படுக்கவைத்து கைக்குட்டையால் போர்த்திவிடுகிறாள். புலி தாண்டி வெட்டினால் "பாவம்" என்று ஆட்டைத் திரும்ப வைத்துவிடுவாள். சரி, பார்ப்போமே என்று ஆறு ஆடு, எதிரே ஆறு ஆடு என்று நேருக்கு நேர் வைத்தேன். ரெண்டும் ஒண்ணுதான் என்றாள். ஒரு வரிசையை மட்டும் கொஞ்சம் அகட்டி வைத்ததும், "இதுதான் நிறைய". எண்ணச் சொன்னால் இரண்டையும் ஆறு என்று சரியாக எண்ணிவிட்டு, "ஆனா இதுதான் நிறைய" என்கிறாள்!

குழந்தைகளின் யோசனை வயதோடு எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்த உளவியலாளர் ழான் பியாஜே, பி.எட். படிக்கும்போது நான் மனப்பாடம் செய்தவர், அப்போதுதான் எனக்குப் புரிந்தார். ஏழு வயதுவரை கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதுதான் பெரிது, அதற்கப்புறம் கையில் இருக்கும் பொருளை வைத்து ஒழுங்காக யோசிப்பார்கள், 'இப்படி நடந்தால் என்னாகும்' என்பதெல்லாம் 11க்கு மேல்தான் என்பது அவர் கணக்கு. அது ரொம்பக் கறார் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். எடின்பரோவில் உளவியலாளர் மார்கரெட் டொனால்ட்சன் குழுவினர் இதே மாதிரிச் சோதனையில் வரிசையைத் தாங்கள் கலைக்காமல் ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மையை விட்டுக் கலைக்க, நிறையப் பிள்ளைகள் சரியாகச் சொல்லிவிட்டார்களாம். நானும் புலியை விட்டுக் கலைத்துப் பார்த்தேன், என் மகள் அசையவில்லை.

எட்டு வயது மகனுக்கு விதியெல்லாம் தலைகீழ்ப் பாடம். புலி கிடைத்தால் வெளுத்து வாங்குவான், ஆடு கிடைத்தால் தோற்பான், ஏனென்றால் வெட்டுப்படாத இடமாக மட்டும் பார்த்து வைக்கிறான். அண்ணன் மகளுக்கு 12. அவள் ஒரு ஆட்டை வேண்டுமென்றே புலிக்கு முன்னால் வைத்தாள். ஐயோ என்றேன். "வெட்டட்டும் அத்தை, வெட்டினா அந்த மூலைக்குத்தான் போகணும், அப்புறம் நான் வழியை அடைச்சுடுவேன்." அடைத்தும்விட்டாள்.

குறைகள் உண்டு. ஈரக்கை பட்டால் சாயம் ஒட்டுகிறது. ஆடுகள் இலேசு, மின்விசிறி போட்டால் உருளும். எல்லா ஆட்டையும் வைத்து முடித்த பிறகுதான் நகர்த்த வேண்டும் என்பதைக்கூட விதித்தாளில் எழுதவில்லை, அம்மாவைக் கேட்டுத்தான் ஆடினோம். திண்ணையில் சாக்பீஸால் கோடு போட்டு புளியங்கொட்டையை வைத்து ஆடியவர், விலையைக் கேட்டதும் சிரித்தார்.

வீட்டில் ஏழெட்டு வயதுக்கு மேல் பிள்ளை இருந்தால் தாராளமாக வாங்கலாம். சின்னதுக்கு மட்டும் என்றால் இரண்டு வருடம் பொறுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு ஆடு காணோம், இப்போது அந்த இடத்தில் புளியங்கொட்டைதான்.