“டாக்டர் மருந்தை விடாதீங்க, இது கூட ஒரு துணை”

சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டவர்கள், அதிலும் துபாய்ப் பக்கம் இருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

எனக்கு மூன்றாம் நிலை. கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு, ஏறினால் கெட்டது, ஒரு வருஷமாக 1.7இல் நின்றுகொண்டிருந்தது. தேராவில் மசாலாச் சந்தையை ஒட்டி ஈரானியர்களின் மூலிகைக் கடைகள் உண்டு. குங்குமப்பூவும் காய்ந்த எலுமிச்சையும் வாங்கப் போவோமே, அதே இடம்தான். அத்தாரி என்பார்கள், நம்ம நாட்டு மருந்துக் கடை மாதிரி. ரூம்மேட் பேச்சைக் கேட்டு அப்படி ஒன்றில் நுழைந்தேன்.

சுவரில் அந்தக் காலத்துப் பாரசீக மருத்துவர் இப்னு சீனா படம். அவர் 1025இல் எழுதி முடித்த ‘கானூன்’ என்ற மருத்துவ நூல் வழி வைத்தியமாம். கடைக்காரர் நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார். “உங்க மிஜாஜ், உடல்வாகு, குளிர்ச்சி. கிட்னி குளிர்ந்துபோச்சு, சூடேத்தணும்.” மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருந்தால் அப்போதே எழுந்து வந்திருப்பேன். அந்த அளவுக்கு விவரம் உண்டு. அவரோ, “டாக்டர் மருந்தை விடாதீங்க பாய், இது கூட ஒரு துணை” என்றார். அங்கேதான் விழுந்தேன். துணைதானே, டாக்டரிடம் எதற்குச் சொல்லிக்கொண்டு என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன்.

மூன்று பொட்டலம் பொடி, இரண்டு பாட்டில் கறுப்புப் பாகு, 640 திர்ஹாம். என்னென்ன சேர்த்திருக்கிறது என்று கேட்டால், குடும்ப ரகசியமாம். பொட்டலத்தின் மேல் பாரசீகத்தில் பேனாவால் கிறுக்கியிருந்தது, அவ்வளவுதான்.

ஆறாவது வாரம் படி ஏறினால் தொடை துவண்டது. போன் செய்தேன். “கழிவு இறங்குது, நல்ல அறிகுறி.” ஒன்பதாவது வாரம் வழக்கமான ரத்தப் பரிசோதனை. கிரியேட்டினின் 2.9. பொட்டாசியம் 6.3, அது 3.5க்கும் 5க்கும் நடுவில் நிற்க வேண்டியது. இதயம் நின்றுவிடலாம் என்று அன்று ராத்திரியே அட்மிட் பண்ணிவிட்டார்கள். “வேற என்ன சாப்பிடுறீங்க?” என்று டாக்டரம்மா மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவைதான் உண்மையைச் சொன்னேன்.

பொட்டலத்தை வாசித்துக் கொடுத்தவர் என் ஆபீஸில் வேலை பார்க்கும் ஈரானியர், ஷிராஸ் ஊர்க்காரர். முதல் வரி ‘கார்கஸக்’. படத்தைத் தேடிக் காட்டினார், நம்ம நெருஞ்சி! செருப்பில்லாமல் நடந்து காலில் குத்திக்கொண்ட முள், ஆத்தா நீர்க்கடுப்புக்குக் கஷாயம் வைக்குமே அதுதான். சிரித்துவிட்டேன். கடைசி வரியைப் படித்ததும் அவர் முகம் மாறியது. ‘ஸராவந்த்.’ நம்ம ஆடுதீண்டாப்பாளைக்குச் சொந்தக்காரச் செடி. ஆடுகூட வாய் வைக்காது என்று பேரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், நான் வெந்நீரில் கலக்கிக் குடித்திருக்கிறேன். அந்தக் குடும்பத்துச் செடிகளில் இருக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை நார்நாராக்கிவிடும், புற்றுநோயும் வரவைக்கும். பெல்ஜியத்தில் உடம்பு இளைக்க மூலிகை சாப்பிட்ட பெண்களுக்கு இப்படிச் சிறுநீரகம் போனது 1993இலேயே வெளியே வந்த விஷயம்.

பாகு வேறு கதை. மாதுளைச் சாற்றை வற்றவைத்தது, விஷமெல்லாம் இல்லை. ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், நான் போடும் லோசார்டன் என்ற பிரஷர் மாத்திரை பொட்டாசியத்தை உடம்பிலேயே தங்கவைக்கும். விடாமல் போட்ட மாத்திரையும் துணை மருந்தும் சேர்ந்துதான் 6.3. எது எவ்வளவு கெடுத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா.

ஷிராஸ்காரருக்குத்தான் என்னைவிடக் கோபம். அவர்கள் ஊரில் இந்த வைத்தியத்துக்கு டாக்டருக்குப் படித்து முடித்தவர்கள் சேரும் மேற்படிப்பே இருக்கிறதாம். “அத்தாரிக்காரன் மருந்து விக்கிறவன். தபீப் வைத்தியம் பாக்குறவன். ரெண்டும் வேற” என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார்.

இப்போது கிரியேட்டினின் 2.4. 1.7க்குத் திரும்பும் என்று யாரும் சொல்லவில்லை. பிரிக்காத ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ரிப்போர்ட்டைக் காட்டினேன், கையில்கூட வாங்கவில்லை. பொட்டலத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு 90 திர்ஹாம் கொடுத்தார். கொடுத்துவிட்டு, ஊரில் அம்மாவுக்கு மூட்டுவலி உண்டா என்று கேட்டார்.